பதினாறு முழ நூல்

கத்தரிக்கோல் என்னுடையது. சார்ட் பேப்பர் வெட்டவும், பிள்ளைகளின் சட்டையில் தொங்கும் நூலை நறுக்கவும் கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோல்.

அன்று சாயங்காலம் நான்காம் வகுப்பு அறையில் நானும் தர்ஷினியும் மட்டும் இருந்தோம். மேசைமேல் வெள்ளைத் தெர்மாகோல் பலகை, பசை டப்பா, பளபளப்புக் காகிதம். வெயில் ஜன்னலைத் தாண்டி வந்து கரும்பலகையின் அடிவிளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் அந்த வெயிலையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், வெட்டிட்டா அது வேலை செய்யாது டீச்சர்" என்றாள் தர்ஷினி. நூலின் ஒரு நுனி அவள் விரலில் சுற்றியிருந்தது.

"கண்காட்சியில மூணு அடி மேசைதாம்மா குடுப்பாங்க. உன் நூலு வராந்தா வரைக்கும் போவுதே."

"திருப்பி முடிச்சுப் போட்டா ரீல்ல மாட்டிக்கும் டீச்சர்."

"வேற நூல் போட்டுக்கலாம். காஞ்சிபுரத்துல நூலுக்கா பஞ்சம்?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெட்டினேன். பட்டு வெட்டுப்படும்போது சத்தமே வராது என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

வெயில் சாய்வதற்குள்

அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் நியாயமாகிவிடாது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

வாலாஜாபாத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், சமணக் குடும்பம் எங்களுடையது. இந்தத் தொடரின் முதல் வாரங்களில் அந்த வீட்டைப் பற்றி எழுதியிருக்கிறேன். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டோம். விளக்கைத் தேடி வரும் பூச்சி சோற்றில் விழுந்து செத்துப்போகுமே என்ற அச்சம். தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்போம். வடிகட்டிய துணியை உதறக்கூடாது. அதில் ஒட்டிய கண்ணுக்குத் தெரியாத உயிர்களை, எடுத்த கிணற்றிலேயே மெதுவாக அலசிவிட வேண்டும். சின்ன வயதில் ஒருநாள் சோம்பல்பட்டு உதறிவிட்டேன். அம்மா அன்று என்னோடு பேசவே இல்லை.

ஐம்பத்தைந்து வயதுக்குமேல் ஆகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பள்ளி; அங்கிருந்து பேருந்து பிடித்து வீடு சேர்ந்து, சூரியன் இருக்கும்போதே இரண்டு வாய் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலை வரை பட்டினி. பட்டினி எனக்குப் பழக்கம்தான். அன்று ஒருநாள் பட்டினி கிடந்திருக்கலாம்.

கிணற்றுப் பூச்சிக்கு அவ்வளவு பார்த்தவள் நான்.

ஐந்தாவது படி

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளும் புதுசாக ஏதாவது வடிவமைத்துச் செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் வந்தது. அதற்கு வாலாஜாபாத்தில் ஒரு நாள் பயிற்சி. மின்விசிறி ஓடாத கூடம், ஆறிப்போன வடை, பாடமெடுக்க ஓர் இளம்பெண். அந்தப் பெண் நல்ல பெண். ஒரு வழவழப்பான தாள் கொடுத்தாள். அதில் ஐந்து படி: வீட்டில் ஒரு கஷ்டத்தைக் கண்டுபிடி, யோசி, செய், சோதித்துப் பார், அதைப் பயன்படுத்துகிறவரிடம் போய்க் கேள்.

"அஞ்சாவது படியத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க மேடம்" என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் தாளால் விசிறிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் உங்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று எழுதச் சொன்னேன். சொன்னது தப்பு என்று தாள்களை வாங்கிப் பார்த்தபோது தெரிந்தது. 'அப்பா குடிச்சிட்டு வருவாரு.' 'எங்க வீட்ல எலி.' 'மாமா எங்கம்மாவத் திட்டும்.' 'மழை வந்தா கட்டில் மேல ஒழுவும்.' ஒரு பையன் 'கஷ்டம் இல்லை, டிவி இருக்குது' என்று எழுதியிருந்தான். அவனைப் பார்த்து மட்டும் கொஞ்சம் சிரித்தேன்.

குடிக்கும் அப்பாக்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டேன். அதற்குத் தெர்மாகோலில் என்ன செய்ய முடியும்?

தர்ஷினியின் தாளில் இரண்டே வரி. 'எங்க அம்மா கூப்பிட முடியாது. அப்பாக்குக் கேக்காது.'

வளர்மதியின் மணிக்கட்டு

தர்ஷினியின் அம்மா வளர்மதிக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பேச்சு போய்விட்டது. வலது மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே சாய்க்க முடியும், கண்ணை மூடித் திறக்க முடியும், அவ்வளவுதான். ஒருமுறை மூடினால் ஆமாம், இரண்டு முறை மூடினால் வேண்டாம். அப்பா ஏழுமலை வீட்டின் முன்னறையில் தறி நெய்கிறவர். அவருக்கு ஒரு காது மந்தம். காலையில் அத்தை வந்து குளிப்பாட்டிவிட்டுப் போய்விடுவாள். அதன்பிறகு தர்ஷினி பள்ளிவிட்டு வரும்வரை, பின்னறைக் கட்டிலில் அம்மா, முன்னறைத் தறியில் அப்பா. நடுவில் தறிச் சத்தம்.

பொத்தான் அமுக்கும் கூப்பிடுமணி வாங்கிப் பார்த்தார்களாம். வளர்மதி விரலுக்கு அதை அமுக்கும் பலமில்லை. அமுக்கினாலும் அது ஏழுமலையின் காதுக்கு எட்டுவது சந்தேகம்தான்.

ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி இதை உட்கார்ந்து யோசித்திருக்கிறாள். 'அப்பாக்குக் காது கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும்' என்று ஒரு நோட்டில் எழுதியிருந்தாள். ஆசிரியர் பயிற்சியில் யாரும் எனக்கு அப்படி ஒரு வரி சொல்லித்தரவில்லை.

தேய்ந்த ரப்பர் செருப்பின் வாரை வெட்டி, அம்மா மணிக்கட்டுக்கு ஒரு வளையம். அதிலிருந்து ஒரு நூல் மேலே ஏறி, உத்திரத்தில் வரிசையாக ஆணி அடித்து மாட்டிய காலி ஜரிகை ரீல்கள்மேல் உருண்டு, பின்னறையிலிருந்து முன்னறைக்கு வந்து, தறிக்கு மேலே ஒரு மர ஸ்கேலில் முடியும். ஸ்கேலின் மறுமுனையில் ஒரு பட்டுக் குஞ்சம். அம்மா மணிக்கட்டை ஒரு விரல் அளவு சாய்த்தால் போதும், குஞ்சம் தறிப்பலகைக்குப் பின்னாலிருந்து எகிறி அப்பாவின் மூக்குக்கு நேரே நிற்கும்.

நூல் அமையத்தான் ஒரு மாதம் ஆனது. பருத்தி நூல் ஈரத்தில் இழுபட்டுத் தொய்ந்தது. நைலான் ரீலில் வழுக்கி வெளியே விழுந்தது. கடைசியில் தறியில் மிஞ்சிய பட்டுக் கழிவை மூன்றிழையாக முறுக்கி, மெழுகுவர்த்தியில் தேய்த்து வழவழப்பாக்கி, முடிச்சே இல்லாமல் பதினாறு முழம். முடிச்சு வந்தால் ரீலில் சிக்கும். சிக்கினதை இழுக்க அம்மாவுக்குத் தெம்பில்லை.

முதலில் பச்சைக் குஞ்சம் கட்டினாள். தறியில் அப்போது பச்சைச் சேலை, அப்பா கவனிக்கவேயில்லை. சிவப்பாக மாற்றினாள். "சிவப்பு சேலை ஏறினா மஞ்சக் குஞ்சம் கட்டணும் டீச்சர். சேலைக்கு எதிரா இருந்தாத்தான் அப்பா கண்ணுல படும்" என்று எனக்கு விளக்கினாள். இரண்டு குஞ்சமும் அவளிடம் தயாராக இருந்தன.

நான் பார்க்கப் போனபோது ஏழுமலை நெய்துகொண்டிருந்தார். குஞ்சம் எகிறியது. தறி மிதித்த கால் நின்றது.

"தோ வரேன் வளரு" என்று எழுந்து உள்ளே போனார்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த அம்மாள் புருஷனைக் கூப்பிட்டு, அவர் பதில் சொல்லிக்கொண்டு போகிறார். அதைப் பார்த்த உடனே என் மனதில் வந்தது என்ன தெரியுமா? இந்த வருடம் பரிசு நமக்குத்தான்.

அப்பா செய்த காற்றாலை

பள்ளிக் கண்காட்சி என்றால் என்ன என்று பெற்றோருக்குத் தெரியும். பிள்ளை பெயர், ஆசிரியர் வேலை, அப்பா அம்மா செலவு. எத்தனை எரிமலை, எத்தனை மழைநீர் சேகரிப்பு, எத்தனை சொட்டுநீர்ப் பாசனம்! எல்லாம் தெர்மாகோல், எல்லாவற்றிலும் பச்சை மரத்தூள் புல்தரை. பிள்ளைகள் பக்கத்தில் நின்று மனப்பாடம் செய்த ஆங்கிலத்தை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள்.

நானும் ஒருகாலத்தில் அப்படி நின்றவள்தான். ஏழாம் வகுப்பில் ஒரு காற்றாலை வைத்துப் பரிசு வாங்கினேன். அதை என் அப்பா செய்தார், கடலைக் கொட்டகையில் உட்கார்ந்து, தகரம் வெட்டி. நான் கிட்டே போனதற்கு "கையக் கிழிச்சிக்கப் போற, தள்ளி நில்லு" என்றார். தள்ளி நின்றேன். பரிசு வாங்கும்போது கைதட்டினார்கள். அந்தக் காற்றாலை எப்படிச் சுற்றுகிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தர்ஷினியையும் தள்ளி நிற்கத்தான் சொன்னேன்.

பொங்கல் கழிந்து கண்காட்சி அறிவித்தார்கள். வியாழன், வெள்ளி இரண்டு நாள். தலைமை ஆசிரியர் "பாக்க நல்லா இருக்கணும் டீச்சர், போன வருஷம் மாதிரி மானம் போவக்கூடாது" என்றார். புதன்கிழமை மதியம் தர்ஷினியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். ஏழுமலை தறியைவிட்டு இறங்கி நின்றுகொண்டார்.

"ரெண்டு நாள்தாங்க. சனிக்கிழமை திரும்பிடும்."

"எடுத்துக்கினு போங்க டீச்சர். புள்ளைக்கு நல்லது செய்றீங்கோ, நான் என்னாத்த சொல்லப் போறேன்?"

தர்ஷினி மட்டும் பின்னறைக்கு ஓடினாள். "அம்மா, டீச்சர் கேக்கறாங்கோ. ரெண்டு நாள். குடுக்கட்டா?" வளர்மதி என்னைப் பார்த்தார். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார்.

அந்த ஒரு இமைப்பை நான் வெகுநாள் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டிருந்தேன். அவரே சம்மதம் கொடுத்தாரே என்று. அவர் சம்மதித்தது இரண்டு நாள் இரவலுக்கு. சாயங்காலம் நான் அதை வெட்டுவேன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது மேசை

மூன்று அடித் தெர்மாகோலில் ஒரு பொம்மை வீடு. சின்னக் கட்டில், அதன்மேல் கடையில் வாங்கிய பொம்மை. ரீல்களைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். உருளாது, ஆனால் பார்க்க வரிசையாக இருந்தது. செருப்புவார் அசிங்கமாகத் தெரியவே அதன்மேல் தங்கக் காகிதம் சுற்றினேன். நூல் இழுத்தால் ஒன்றும் நடக்காது என்பதால் ஒரு பேட்டரி பல்பு வைத்தேன். குஞ்சம் மட்டும் அப்படியே இருந்தது. கீழே ஆங்கிலத்தில் பெயர்ப் பலகை.

வெள்ளிக்கிழமை காலை நடுவர்கள் வந்தார்கள். தர்ஷினி நான் எழுதிக்கொடுத்த ஆங்கிலத்தைத் தடங்கலில்லாமல் சொன்னாள். கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் குனிந்து நூலை லேசாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"இதுல நீ செஞ்சது எதும்மா?" என்று தமிழில் கேட்டார்.

தர்ஷினி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டிச் சிரித்தேன், தைரியமாகச் சொல் என்று.

"அந்தக் குஞ்சம் சார்" என்றாள்.

அவர் ஒன்றும் எழுதிக்கொள்ளாமல் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். முதல் பரிசு தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் கருவிக்கு. அது கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும். பெட்டியைக்கூட மேசைக்குக் கீழேதான் வைத்திருந்தார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில் தர்ஷினியிடமே "கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

கலந்துகொண்டதற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் பெயரில் எழுத்துப்பிழை இருந்தது.

வெள்ளிக்கிழமை மதியம்

அவளை வீட்டில் விடப் போனபோது வாசலில் ஆட்டோ நின்றது. ஏழுமலை வளர்மதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நெற்றியில் துணி கட்டியிருந்தது.

கட்டிலிலிருந்து சரிந்து விழுந்திருக்கிறார். எப்போது என்று யாருக்கும் தெரியாது. சாப்பாடு ஊட்ட ஒரு மணிக்கு ஏழுமலை உள்ளே போனபோதுதான் பார்த்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு அடி தள்ளித்தான் அவர் நெய்துகொண்டிருந்தார்.

பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னார். குற்றம் சொல்லும் குரலே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கீழ கெடந்துச்சி டீச்சர். கையி மட்டும் ஆடிக்கினே இருந்துச்சி. இழுத்துக்கினே இருந்துக்குது."

அந்தக் கையில் வளையம் இல்லை. வளையம் தங்கக் காகிதம் சுற்றி என் தெர்மாகோலில் ஒட்டியிருந்தது.

காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது. வீட்டுக்கு அழைத்து வந்தார்கள்; மறுபடி கொண்டுபோனார்கள். பங்குனித் திருவிழாவுக்குக் கொடியேறிய வாரத்தில் வளர்மதி இறந்துபோனார். விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உடம்பு ஏற்கெனவே அப்படி என்று டாக்டர் சொன்னார். தலைமை ஆசிரியரும் அதையே சொன்னார். இருக்கலாம். நான் மருத்துவம் படித்தவளில்லை. கத்தரிக்கோல் யாருடையது என்பது எனக்குத் தெரியும்.

தெர்மாகோல் வீடு பள்ளி அலமாரிமேல் கொஞ்சநாள் இருந்தது. ரீல்களைப் பிய்க்கப் பார்த்தேன், பசையோடு உடைந்து வந்தன.

ஜூனில் தர்ஷினி ஐந்தாம் வகுப்புக்கு வந்தாள். அதே திட்டம், அதே தாள். வீட்டில் என்ன கஷ்டம் என்ற கேள்விக்கு அவள் 'ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் முன்னைவிட அழகாக இருந்தது.

சிவப்புச் சேலை

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, மனதை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். எப்படிக் கேட்பது என்று பேருந்தில் பத்து விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன்.

வாசலில் தர்ஷினி நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கைப்பையைப் பார்த்தாள்.

"எடுத்துக்கினு போவ வந்தீங்களா டீச்சர்?"

எனக்குப் புரியவில்லை. அவள் தலைக்கு மேலே உள்ளே பார்த்தேன். உத்திரத்தில் வேறு ரீல்கள். அவற்றின்மேல் புது நூல், முடிச்சில்லாமல், மெழுகு மினுங்க, பின்னறையிலிருந்து தறிவரை.

"இல்லம்மா. எதையும் எடுக்க வரல."

அவள் நகரவில்லை. கத்தரிக்கோல் அன்றும் பையில்தான் இருந்தது. பையைச் செருப்புக்குப் பக்கத்தில் வாசலிலேயே வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். பிறகுதான் வழிவிட்டாள்.

தறியில் ஏழுமலை. "வாங்க டீச்சர்" என்றார். "பாருங்க, காரியம் முடிஞ்ச மறுவாரமே கட்டிடுச்சி. வேணாம்மா, யாரு இழுக்கப் போறான்னேன். கேக்கல."

தறியில் சிவப்புச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்குப் பின்னால் தொங்கிய குஞ்சம் மஞ்சள்.

"நீதான் மாத்துனியா?" என்று தர்ஷினியிடம் கேட்டேன்.

"நான் இல்ல டீச்சர். சிவப்பு ஏறின அன்னிக்கே அப்பாவே கேட்டு வாங்கிக் கட்டிக்கிச்சி."

ஏழுமலை குனிந்து இழையைப் பார்ப்பதுபோல் இருந்துவிட்டு மறுபடி நெய்யத் தொடங்கினார்.

நான் ஒத்திகை பார்த்த பத்து விதமும் மறந்துபோயிற்று. "தர்ஷினி, டீச்சர் பண்ணது தப்பு. உன்னுத வெட்டியிருக்கக் கூடாது" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலில் பாய் சுருட்டி வைத்திருந்தது. நூலின் நுனியில் புது ரப்பர் வளையம்.

"இப்ப வேலை செய்யுது டீச்சர். பாக்கறீங்களா?"

வளையத்தை ஒரு விரலால் லேசாகச் சாய்த்தாள், தன் அம்மா சாய்ப்பதுபோல. ரீல்கள் சத்தமில்லாமல் உருண்டன.

முன்னறையில் தறி நின்றது. நாங்கள் இருவரும்தான் உள்ளே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அவர் கண்ணெதிரேதான் தறியைத் தாண்டி வந்திருந்தோம்.

"தோ வரேன் வளரு" என்றார்.